தம்பிகூட செஸ் ஆடினவர்கிட்ட இப்ப நான் பேசிட்டிருக்கேன், அம்மாவுக்குப் பிடிக்கல

மூத்தவ:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவ. நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

என் தம்பி தவறிட்டான். திடீர்னு. முப்பது கூட ஆகல. இன்னும் வருஷம் திரும்பல. எப்படின்னு எழுத மனசு வரல, அதக் கேக்காதீங்க ப்ளீஸ். என் கேள்வி அதுக்கப்புறம் நடந்ததப் பத்தி.

அவன் அக்கவுன்ட்டெல்லாம் மூடணுமேன்னு லேப்டாப்பத் தொறந்தேன் (வீட்ல வேற யாரும் அதத் தொடக்கூடத் தயாரா இல்ல). ஒரு செஸ் ஆப்லேர்ந்து மெயிலா வந்து குவிஞ்சிருந்துச்சு. இப்ப உங்க முறை. இன்னும் 12 மணி நேரம்தான் இருக்கு. நேரம் முடிஞ்சதால தோத்துட்டீங்க. ஒரு மூவுக்கு மூணு நாள் டைம் குடுக்குற ஆட்டமாம், அவசரமே இல்லாம, இருக்குற வேலைக்கு நடுவுல ஒரு காய நகத்திட்டுப் போறது. அவன் செஸ் ஆடுவான்னு தெரியும், ஆனா ஒரே ஆள்கூட வருஷக்கணக்கா ஆடிட்டிருந்தான்னு எங்க யாருக்குமே தெரியாது. அந்த ஆள் சாட்ல எழுதியிருந்தாரு, "ஜெயிக்கிற ஆட்டத்த விட்டுட்டு எங்கப்பா போன, உடம்பு கிடம்பு சரியில்லையா". அதுக்கப்புறம் "கோவமா?"ன்னு ஒண்ணு. அதோட நின்னு போச்சு.

பதில் சொல்லாம விட மனசு கேக்கல. நான் அவனோட அக்கா, அவன் இப்ப இல்லன்னு ரெண்டு வரி போட்டேன். உடனே பதில் வரல. அப்புறமா ஒரு மெசேஜ் வந்துச்சு பாருங்க, ஆழ்ந்த இரங்கல் கிடையாது, காலம் எல்லாத்தையும் ஆத்தும் கிடையாது. "அந்த ஆட்டத்துல எனக்கு வந்த பாயின்ட் எனக்கு வேணாம்மா, இன்னும் ஆறேழு மூவ்ல அவன் என்ன முடிச்சிருப்பான்"னு ஆரம்பிச்சு, எப்படி முடிச்சிருப்பான்னு மூவ் மூவா எழுதியிருந்தாரு. எனக்குக் குதிர எப்படிப் போகும்னு கூடத் தெரியாது. ஒண்ணும் புரியாமலே முழுசாப் படிச்சேன், திரும்பப் படிச்சேன், அன்னிக்குதான் ஒழுங்கா அழுதேன்.

இப்ப அடிக்கடி எழுதிக்கிறோம். ரிட்டயர் ஆன மனுஷன், மனைவி போய் சில வருஷம் ஆச்சு. தம்பி அவர "தலைவரே"ன்னுதான் கூப்பிடுவானாம். தோக்குற மாதிரி இருந்தா சம்பந்தமே இல்லாம ஒரு கதைய எடுத்து விட்டு அவர் கவனத்தக் கலைப்பானாம், லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட கதை, மேனேஜருக்கு அனுப்ப வேண்டிய மெயில மேனேஜரத் திட்டி மேனேஜருக்கே அனுப்பின கதை, அப்புறம் என் வண்டில ஒரு கீறல் போட்டுட்டு எனக்கு பயந்து மார்க்கர் வச்சு அத மறைச்ச கதை. அந்தக் கீறல் இன்னும் இருக்குங்க. பார்க்கிங்ல எவனோ பண்ணிட்டான்னு இத்தன நாளா யார் யாரையோ திட்டிட்டிருந்தேன். படிச்சதும் வாய் விட்டு சிரிச்சிட்டேன். அம்மா பக்கத்து ரூம்லேர்ந்து வந்து நின்னு பாத்தாங்க.

அங்கதான் சிக்கல். "முகம் தெரியாத எவனோ ஒருத்தன்கிட்ட எம்புள்ளையப் பத்திப் பேசி சிரிக்கிற, பெத்தவ நான் இங்கதான இருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்த பேசினியா"ன்னாங்க. பேசலதான். பேசினா அவங்க உடைஞ்சிருவாங்களோன்னு பயம், அவங்களுக்கும் என்னப் பாத்தா அதே பயம்னு நினைக்கிறேன், ரெண்டு பேரும் அவன் பேர சொல்லாமலே ஒரே வீட்டுக்குள்ள சுத்திட்டிருக்கோம். அவர்கிட்ட அந்த பயம் இல்ல, அவ்ளோதான்.

இது நான் துக்கத்துலேர்ந்து தப்பிச்சு ஓடுறதா? அம்மாவ விட்டுட்டு அங்க போய் நிக்கிறேனா? இல்ல இப்படியெல்லாம் நடக்குறது சகஜமா? யாருக்காவது இந்த மாதிரி எதிர்பாராம ஒரு நட்பு அமைஞ்சிருக்கா?

கரையோரம்:

சகஜம்தான்மா. மனசப் போட்டுக் குழப்பிக்காத.

என் வீட்டுக்காரர் போனப்ப எனக்குக் கிடைச்சது லைப்ரரில எதிர் சீட்ல உக்காந்து பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பொண்ணு. என் பொண்ண விடச் சின்னவ. வீட்ல இருக்க முடியாம நான் அங்க போய் சும்மா புக்க விரிச்சு வச்சிட்டு உக்காந்திருப்பேன், பக்கமே திரும்பாது. ஒரு நாள் அவளே கேட்டா, ஆன்ட்டி உங்க புக் நகரவே மாட்டேங்குதேன்னு. சொன்னேன். அதுக்கு அவ என்ன கேட்டா தெரியுமா, "அங்கிள் எப்படி, நீங்க ரெண்டு பேரும் சண்ட போடுவீங்களா?"

அது வரைக்கும் ஒருத்தர் கூட அப்படிக் கேக்கல. சொந்தக்காரங்க எல்லாரும் அவர தெய்வமாக்கிட்டாங்க, தங்கமான மனுஷன், ஒரு சொல் கடிஞ்சு பேசாதவர், அப்படி இப்படின்னு. நானும் மண்டைய ஆட்டிட்டு உக்காந்திருக்கணும். அந்தப் பொண்ணுகிட்டதான் அவர் விடுற குறட்டை, எதுக்கெடுத்தாலும் "அப்புறம் பாத்துக்கலாம்", பில்ல எல்லாம் ஒளிச்சு வச்சிட்டு கடைசி நாள்ல என்ன ஓட விடுறது, இதெல்லாம் சொல்லித் திட்ட முடிஞ்சுது. திட்டத் திட்டதான் நான் வாழ்ந்த அந்த மனுஷன் திரும்ப வந்தாரு. படத்துல மாட்டியிருந்தது வேற யாரோ.

தெரிஞ்சவங்ககிட்ட புதுசா சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. தெரியாதவங்களுக்கு முதல்லேர்ந்து சொல்லணும். உனக்கு அமைஞ்சது அதுக்கும் ஒரு படி மேல, உனக்குத் தெரியாததையே சொல்ல ஒருத்தர் இருக்காரு. விட்டுறாத.

அம்மா விஷயம் எனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. அவங்க சொன்னத இன்னொரு தடவ படிச்சுப் பாரு. அவரோட பேசாதன்னு அதுல இல்ல. என்கிட்ட பேசலயேன்னுதான் இருக்கு.

நடைமேடை:

நான் கவுன்சலிங் துறைல இருக்கேன், இழப்புக்கு அப்புறம் வர்றவங்களதான் அதிகம் பாக்குறேன். கரையோரம் அம்மா சொன்னதோட சிலது சேக்குறேன்.

முதல்ல துக்கத்துக்குன்னு எல்லாரும் சொல்ற அந்த அஞ்சு கட்டம், மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு, அத வச்சு உங்கள அளக்காதீங்க, யாராவது அளந்தாலும் விடாதீங்க. எலிசபெத் கூப்ளர் ராஸ்ங்கிற மனநல டாக்டர் 1969ல அத எழுதினது சாகப்போறோம்னு தெரிஞ்ச நோயாளிகளோட பேசி. யாரையோ இழந்துட்டு நிக்கிறவங்களுக்குன்னு பின்னாடி நீட்டிக்கிட்டதுதான். அஞ்சு படி ஏறினா முடிஞ்சுதுன்னு யாருக்கும் நடக்குறதில்ல.

நீங்க கேட்டீங்களே, தப்பிச்சு ஓடுறதான்னு. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துல மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட்னு ரெண்டு பேர் 1999ல ஒரு மாடல் சொன்னாங்க. துக்கத்துல இருக்குறவங்க ரெண்டு பக்கமும் போய்ப் போய் வருவாங்க, ஒரு நேரம் இழப்புக்குள்ள, ஒரு நேரம் அதுலேர்ந்து விலகி அன்றாட வாழ்க்கைக்குள்ள, இந்தப் போக்குவரத்துதான் ஆரோக்கியம்னு. அதுல ஒதுங்கி நிக்கிறதும் வேலையோட ஒரு பாதி. உங்க செஸ் பெரியவர் விஷயம் இன்னும் சுவாரசியம், ஏன்னா அவர்கிட்ட பேசுறப்ப உங்களுக்கு ரெண்டும் ஒண்ணா நடக்குது. அழுகையும் அங்கதான், சிரிப்பும் அங்கதான்.

இறந்தவங்கள மனசுலேர்ந்து அவுத்து விட்டாதான் குணமாக முடியும்னு ஒரு கருத்து ரொம்ப காலம் இருந்துச்சு, உளப்பகுப்பாய்வ ஆரம்பிச்ச ஃப்ராய்டு 1917ல வெளியிட்ட கட்டுரைதான் அதுக்குப் பெரிய காரணம். ஆனா அதே ஃப்ராய்டோட மகள் ஸோஃபி 1920ல இறந்து போனா. ஒன்பது வருஷம் கழிச்சு, அவ இருந்திருந்தா 36 வயசு ஆகியிருக்கும்ங்கிற நாள்ல, மகன இழந்து நின்ன தன் நண்பர் பின்ஸ்வாங்கருக்கு ஒரு கடிதம் எழுதுறாரு. அந்த இடத்த எது வந்தும் நிரப்பாது, நிரப்பினாலும் அது வேற ஒண்ணாதான் இருக்கும், அப்படித்தான் இருக்கணும்னு. தியரி எழுதினவரே நண்பனுக்கு எழுதும்போது வேற ஆளா எழுதுறாரு பாருங்க. 1996ல டென்னிஸ் கிளாஸ்ங்கிற ஆய்வாளரும் அவர்கூட இன்னும் ரெண்டு பேரும் சேந்து தொகுத்த ஆய்வுகள்லேர்ந்து, இறந்தவங்களோட உறவு முடியிறதில்ல, உருவம் மாறித் தொடருதுங்கிறத எங்க துறையும் ஏத்துக்கிட்டு வருது.

அம்மாவுக்கும் உங்களுக்கும் நடுவுல நடக்குறதுக்கும் ஆய்வு இருக்கு. குழந்தைய இழந்த தம்பதிகள வச்சு நெதர்லாந்துல பண்ணி 2013ல வெளியிட்டாங்க. துணை கஷ்டப்படக் கூடாதேன்னு தன் துக்கத்த அடக்கிக்கிறவங்களுக்கு துக்கம் கூடத்தான் செஞ்சுது, அதோட யாரக் காப்பாத்தணும்னு அடக்கினாங்களோ அவங்களுக்கும் கூடுச்சு. ரெண்டு பேரும் பாவம் பாத்து ரெண்டு பேரையும் கெடுத்துக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் கவனிச்சுக்கோங்க, அம்மாவுக்கும் சேத்துதான். நாள் போகப் போக ஏக்கம் கொஞ்சமும் குறையாம, தினமும் அதே வேகத்துல, வேலையே ஓடாத அளவுக்கு, நான் யாருன்னே தெரியல வாழ்றதுல அர்த்தமே இல்லங்கிற மாதிரி நீண்டுக்கிட்டே போனா அதுக்கு இப்ப தனியா ஒரு நோய்ப் பேரே இருக்கு, நீடித்த துக்கக் கோளாறு. அமெரிக்க மனநலத் துறையோட நோய்க் கையேடு டி.எஸ்.எம், 2022ல வந்த அதோட திருத்தப் பதிப்புல சேத்தாங்க, பெரியவங்களுக்கு ஒரு வருஷம் தாண்டணும், உலக சுகாதார நிறுவனத்தோட பட்டியல்ல ஆறு மாசம். அதுக்குன்னே தெரபி இருக்கு, பலன் குடுக்குது. சாகணும்னு எண்ணம் வந்தா மட்டும் எந்தக் கணக்கும் பாக்காம அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடணும்.

குறுக்குக்கேள்வி:

எல்லாரும் நல்லதையே சொல்றீங்க, நான் கொஞ்சம் குறுக்க நிக்கிறேன்.

ஒண்ணு, இன்டர்நெட்ல முகம் தெரியாத ஆள். நல்லவராவே இருக்கலாம், தொண்ணூறு சதவீதம் நல்லவர்னுதான் எனக்கும் படுது, ஆனா துக்கத்துல இருக்குறவங்களத் தேடிப் புடிச்சு ஏமாத்துற கூட்டம் இருக்கு. வீட்டு அட்ரஸ், தம்பியோட அடையாள நம்பர், பேங்க் விவரம், இன்ஷூரன்ஸ் எவ்ளோ வந்துச்சு, இதுல எது பேச்சுல வந்தாலும் அங்கயே நிறுத்துங்க. பணம்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா முடிஞ்சுது.

ரெண்டாவது, அவரும் துக்கத்துல இருக்காரு. மனைவி போயிட்டாங்க, இப்ப தினம் ஆடின பையனும் போயிட்டான். உங்க தம்பி இடத்துல உங்கள வச்சுக்கிட்டாருன்னா அந்தப் பாரம் உங்க தலையில. நீங்களும் அவர்மேல முழுசா சாஞ்சுட்டீங்கன்னா, வயசான மனுஷன், நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா உங்களுக்கு இன்னொரு இழப்பு. இதையும் யோசிக்கணும்ல.

மூணாவது, கதை சொன்னா காயம் ஆறும்னு எல்லாரும் அடிச்சு விடுறாங்க. 1986ல பென்னிபேக்கர்ங்கிற உளவியல் ஆய்வாளர் நடத்தின ஆய்வுதான் இதுக்கெல்லாம் ஆரம்பம், தினம் கால் மணி நேரம், நாலு நாள், மனசுல இருக்குறத எழுதச் சொன்னாரு, எழுதினவங்க பின்னாடி டாக்டர்கிட்ட போறது குறைஞ்சுதுன்னு. சரி. ஆனா மேல சொன்ன அதே ஸ்ட்ரோப் குழு 2002ல துணைய இழந்தவங்கள வச்சுப் பாத்தப்ப, கொட்டித் தீத்ததால துக்கம் சீக்கிரம் குறைஞ்சுதுங்கிறதுக்கு ஆதாரம் கிடைக்கல. அதனால பேசினா சரியாயிடும்னு யாரும் கேரன்ட்டி குடுக்க முடியாது.

நடைமேடை:

@குறுக்குக்கேள்வி அந்த 2002 ஆய்வு எனக்கும் தெரியும், நீங்க சொன்னது சரி, கொட்டித் தீக்குறது மருந்து இல்ல. ஆனா கேள்விய மறுபடி படிங்க. அவங்க எங்க கொட்டுறாங்க? அவங்க கேட்டுக்கிட்டிருக்காங்க. தம்பியப் பத்தி அவங்களுக்குத் தெரியாத ஒண்ணு ஒண்ணா வந்துட்டிருக்கு. இருக்குற வலியையே திருப்பித் திருப்பி எழுதுறதும் இதுவும் ஒண்ணுன்னு எனக்குத் தோணல. பாதுகாப்பு பத்தி சொன்னதுக்கு என் ஓட்டும் உண்டு.

லெவல்_ஒண்ணு:

அக்கா, மேட்ஸ் ஸ்டீன்னு ஒருத்தர் இருந்தாரு, கேள்விப்பட்டிருக்கீங்களா? நார்வேக்காரர். டுஷேன்னு ஒரு தசைநோய், பொறந்ததுலேர்ந்தே, கொஞ்சம் கொஞ்சமா உடம்பு செயலிழந்துடும், கடைசில வீல்சேர்தான். நாள் முழுக்க வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்னு ஒரு கேம் ஆடுவாரு. 2014ல 25 வயசுல இறந்துட்டாரு. அவங்க அப்பா அம்மாவுக்கு இருந்த பெரிய வேதனையே பையன் நட்புன்னா என்ன, காதல்னா என்னன்னே தெரியாம, யாருக்கும் எந்தப் பயனும் இல்லாம தனியாவே போயிட்டானேங்கிறதுதான்.

அவரோட ப்ளாக் பாஸ்வேர்ட விட்டுட்டுப் போயிருந்தாரு. அப்பா அதுல மகன் இறந்த செய்தியப் போட்டு தன் மெயில் ஐடியையும் குடுத்தாரு, சும்மா ஒரு மரியாதைக்கு. மெயிலா வந்து கொட்ட ஆரம்பிச்சுது, ஒவ்வொரு நாட்டுலேர்ந்தும். கேம்ல அவர் பேர் இபலின், நல்ல வாட்டசாட்டமான ஆளு, தினம் ஓட்டம் ஓடுவாராம். ஒரு பொண்ணு எழுதியிருந்தா, அவளோட பேரன்ட்ஸ் கம்ப்யூட்டரப் புடுங்கி வச்சப்ப இவர் அந்தப் பேரன்ட்ஸுக்கே உக்காந்து கடிதம் எழுதியிருக்காரு, உங்க பொண்ணுக்கு அங்க நண்பர்கள் இருக்காங்க, கொஞ்சம் யோசிங்கன்னு. இறுதிச் சடங்குக்கு கேம்ல கூட ஆடினவங்க சில பேர் வேற நாட்டுலேர்ந்து கிளம்பி வந்தாங்க. அவங்க குரூப்ல சேத்து வச்சிருந்த பதிவு மட்டுமே ஆயிரக்கணக்கான பக்கம்.

மகன் போனதுக்கப்புறம்தான் அவன் யாருன்னே அந்த அப்பா அம்மாவுக்கு முழுசாத் தெரிஞ்சுது. உங்க அம்மாவுக்கு இந்தக் கதைய சொல்லுங்களேன். நேரா தம்பி கதைக்குப் போறதுக்கு முன்னாடி வேற ஒருத்தரோட கதைல ஆரம்பிச்சா பேச்சு கொஞ்சம் ஈஸியா வரும்னு எனக்கு ஒரு நம்பிக்க. எங்க வீட்ல அப்படிதான் வந்துச்சு.

புறத்திணை:

இந்தத் திரிய ரெண்டு நாளா எட்டி எட்டிப் பாத்துட்டுப் போறேன், ஒண்ணு சொல்லணும்னு.

புறநானூறு 235, அதியமான் இறந்தப்ப ஔவை பாடினது. பெரிய அரசன், போர்ல போறான். பாட்டு எங்க ஆரம்பிக்குதுன்னா, கொஞ்சமா கள்ளு கிடைச்சா எங்களுக்கே குடுத்துருவான், நிறைய கிடைச்சா நாங்க பாடப் பாட அவனும் சேந்து குடிச்சு சந்தோஷப்படுவான், இதுல. அப்புறம் நறுமணம் வீசுற தன் கையால புலால் நாத்தம் அடிக்கிற என் தலையத் தடவிக் குடுப்பான்னு ஒரு இடம். எத்தன வருஷமானாலும் அந்த இடத்துக்கு வந்தா எனக்குத் தொண்ட அடைக்குது. அதுக்கப்புறம்தான் அவன் மார்ல பாஞ்ச வேல் வருது, அந்த வேல் பாணர் கையில இருந்த பாத்திரத்தையும் துளைச்சு புலவர் நாக்குலயும் போய் விழுந்துச்சாம். ஔவையும் அதியமானுக்கு ரத்த சொந்தம் கிடையாது. நட்புதான்.

தலைவர் சொல்ற கீறல் கதை, லிஃப்ட் கதையெல்லாம் அந்த வகைதான். அவர்கிட்ட பெருசா எதுவும் கேக்காதீங்க, என் தம்பி நல்லவனா, சந்தோஷமா இருந்தானா, இந்த மாதிரி. பதில் சொல்லத் திணறுவாரு. தோத்தா என்ன பண்ணுவான், ராத்திரி எத்தன மணி வரைக்கும் முழிச்சிருப்பான், உங்கள எதுக்கு கிண்டல் பண்ணுவான், இப்படிக் கேளுங்க.

மூத்தவ:

எல்லாருக்கும் நன்றி. தனித்தனியா பதில் சொல்லணும்னுதான் நினைச்சேன், முடியல.

@குறுக்குக்கேள்வி கோவமெல்லாம் இல்ல, நீங்க சொன்னது தேவதான். பணம், விலாசம் எதுவும் பேச்சுலயே வந்ததில்ல. ரெண்டாவதா சொன்னத மட்டும் அவர்கிட்டயே கேட்டுட்டேன், உங்களுக்கு இது பாரமா இருக்கான்னு. "நான் உன் தம்பிய உன்கிட்டத் தேடல, அவன் உன்ன விட நல்லா ஆடுவான்"னு பதில் வந்துச்சு. அவர் பேசுற விதமே இப்படிதான். அப்புறம் முதல் தடவையா அவர் மனைவியப் பத்தி நீளமா எழுதினாரு. அவங்க இருந்த வரைக்கும் இவர் ஆடுறப்ப எதிர்ல உக்காந்து எதிராளிக்குதான் சப்போர்ட் பண்ணுவாங்களாம், அது யாராயிருந்தாலும். படிச்சிட்டு நான் கேள்வி மேல கேள்வியாக் கேட்டேன், அவரும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அன்னிக்கு தம்பி பேச்சே வரல. அதுவும் நல்லாதான் இருந்துச்சு.

அம்மா. மேட்ஸ் கதைய அவங்களுக்கு சொன்னேன், கேட்டாங்க, ஒண்ணும் சொல்லல. மறுநாள் அவங்களே வந்து "அந்த ஆளு என்னதான் எழுதுறாரு"ன்னாங்க. கீறல் கதையப் படிச்சுக் காமிச்சேன். முகத்துல எந்த மாத்தமும் இல்லாமக் கேட்டுட்டு எழுந்து போயிட்டாங்க. சரி, தப்பாப் போச்சுபோலன்னு நான் ஃபோன வச்சிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு கதவுகிட்ட நின்னு சொல்றாங்க, "மார்க்கர் அவன் ஐடியா இல்ல. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க! எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அதுக்கப்புறம் நெறைய பேசல, ஆனா அவன் பேர சொன்னாங்க. இத தலைவருக்கு எழுதட்டுமான்னு கேட்டேன், எழுது ஆனா நான் சொன்னேன்னு எழுதுன்னாங்க.

ஒரு உதவி வேணும். செஸ் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா, அவன் ஆடின ஆட்டத்த எல்லாம் எப்படி எடுத்து வைக்கிறது? அக்கவுன்ட மூடினா எல்லாம் போயிடுமா?

அறுபத்துநாலு_கட்டம்:

அக்கா, அக்கவுன்ட இப்போதைக்கு மூடாதீங்க, அதான் முதல்ல.

ஆட்டங்கள பி.ஜி.என்னு ஒரு ஃபார்மட்ல டவுன்லோட் பண்ணலாம், 1993லேர்ந்து செஸ் உலகம் முழுக்க இதான் ஓடுது. வெறும் டெக்ஸ்ட் ஃபைல், ரொம்ப சின்னது. யார் வெள்ள, யார் கறுப்பு, தேதி, ரிசல்ட், எல்லா மூவும் இருக்கும், எந்த செஸ் சாஃப்ட்வேர்லயும் தொறக்கும். பெரும்பாலான ஆப்ல ப்ரொஃபைல்குள்ள பழைய ஆட்டங்கள்னு ஒரு பகுதி இருக்கும், அங்க டவுன்லோட் பட்டன் கிடைக்கும். ஆனா கவனம், சாட் அதுல வராது. தலைவரும் தம்பியும் பேசினது உங்களுக்கு வேணும்னா அத ஸ்கிரீன்ஷாட்டோ காப்பி பேஸ்டோ பண்ணித் தனியா எடுக்கணும், தேதி நேரத்தோட. அந்த "உங்க முறை" மெயிலையும் அழிக்காதீங்க, ஆட்டம் எந்த நேரத்துல நகந்துச்சுன்னு அதுல இருக்கும்.

தலைவர்கிட்டயும் அதே ஆட்டங்கள் அவர் அக்கவுன்ட்ல இருக்கும், அவரையும் ஒரு காப்பி எடுத்து வைக்கச் சொல்லுங்க.

உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு தோணுது, நீங்க நினைக்கிற அளவுக்கு இது விசித்திரமான நட்பு இல்ல. இன்டர்நெட் வர்றதுக்கு முன்னாடி இதே ஆட்டத்த போஸ்ட் கார்டுல ஆடுவாங்க, ஒரு கார்டுக்கு ஒரு மூவ், ஒரு ஆட்டம் முடிய வருஷக்கணக்காகும். இதுக்குன்னு ஒரு உலகக் கூட்டமைப்பே 1951லேர்ந்து இருக்கு. மூவுக்குக் கீழ ரெண்டு வரி வீட்டு சமாச்சாரம் எழுதி, நேர்ல பாக்காமலே வயசானவங்க எத்தனையோ பேர். இதுல ஒரு கிறுக்குத்தனமும் உண்டு, 1951ல இறந்து போன மரோட்சிங்கிற கிராண்ட்மாஸ்டரோட ஆவி கூட விக்டர் கோர்ச்னாய்ங்கிற பெரிய செஸ் வீரர் ஒரு ஆட்டம் ஆடினாரு, நடுவுல ஆவியோட பேசுறேன்னு சொல்ற ஒருத்தர் மூவ் வாங்கிக் குடுப்பாரு. 1985ல ஆரம்பிச்சு 1993ல முடிஞ்சுது. கோர்ச்னாய்தான் ஜெயிச்சாரு. நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம், எனக்கு சிரிப்புதான் வரும்.

மூத்தவ:

ஹாஹா இத தலைவருக்கு இப்பவே அனுப்புறேன்.

ஃபைல் கிடைச்சிருச்சு, நன்றி தம்பி. நோட்பேட்ல தொறந்தா எழுத்தும் நம்பருமா இருக்கு, ஒண்ணும் புரியல. அம்மாவுக்குக் காட்டணும்னா பலகையா, காய் நகர்ற மாதிரி காட்ட முடியுமா? ஃபோன்ல? அப்புறம் தலைவர், எந்த மூவுக்கு நடுவுல எந்தக் கதை சொன்னான்னு தனக்கு ஞாபகம் இருக்குங்கிறாரு, சில ஆட்டத்துக்கு மட்டும். அத எங்கயாவது குறிச்சு வைக்கலாமா?

அறுபத்துநாலு_கட்டம்:

தாராளமா. லிசெஸ்ங்கிற செஸ் தளத்துக்குப் போங்க, இலவசம், விளம்பரமும் கிடையாது. புது அக்கவுன்ட் ஒண்ணு போட்டு "ஸ்டடி"ன்னு இருக்குறதுல உள்ள போய் புதுசா ஒண்ணு உருவாக்குங்க, பி.ஜி.என்ல இருக்குற டெக்ஸ்ட்ட அப்படியே காப்பி பண்ணி அதுல ஒட்டுங்க. பலகை வந்துரும், கீழ இருக்குற அம்புக்குறிய அம்மா அமுக்க அமுக்கக் காய் நகரும். ஃபோன்ல ப்ரவுசர்லயே ஓடும்.

கதை எழுத, எந்த மூவோ அதத் தொட்டுட்டு கமென்ட்னு இருக்கும், அதுல டைப் பண்ணா அந்த மூவுக்கு வர்றப்ப மட்டும் தெரியும். தலைவருக்கும் லிசெஸ்ல அக்கவுன்ட் இருந்தா அவர மெம்பரா சேத்து எழுதுற அனுமதி குடுத்துருங்க, அவர் பாட்டுக்கு அங்கேர்ந்து எழுதட்டும். அம்மாவுக்கு எதையாவது திருத்தணும்னா உங்க ஃபோன்லேர்ந்தே அதே மூவுக்குக் கீழ சேத்துக்கலாம்.

ஸ்டடி ஆரம்பிக்கும்போதே யாரெல்லாம் பாக்கலாம்னு கேக்கும், அதுல இன்வைட் ஒன்லின்னு (நீங்க சேத்தவங்க மட்டும் பாக்குற மாதிரி) வச்சிருங்க, இல்லன்னா ஊர் உலகமே படிக்கும். ஒரு ஆட்டம் ஒரு சாப்டர்னு போகும், ஒரு ஸ்டடில 64 சாப்டர் வரைக்கும்தான், அதுக்கு மேல ஆட்டம் இருந்தா ரெண்டாவது ஸ்டடி போட்டுக்கோங்க. மாட்டிக்கிட்டா இங்கயே கேளுங்க.